குடும்பங்களுக்காக ஒலித்த குரல்: ஷிரின் ஃபோஸ்தார்

பசித்த குழந்தைக்குச் சோறு கொடுப்பது பெரிய அறம். அந்தக் குழந்தை ஏன் பசியோடு இருக்கிறது, அதன் தந்தை எங்கே, தாய் என்ன செய்கிறாள் என்று கேட்பது அதற்கு அடுத்த படி. 1950களில் சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஷிரின் ஃபோஸ்தார். குடும்பம் சிதைந்தபின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றினால் மட்டும் போதாது. குடும்பம் எளிதில் சிதையாதபடி சட்டமே அதற்கு வேலியாக நிற்க வேண்டும் என்று அவர் நம்பினார். இன்று நம் நாட்டில் உள்ள குடும்பச் சட்டங்களின் பின்னணியில் அவருடைய பல்லாண்டு உழைப்பும் இருக்கிறது.

இளமையும் பொதுவாழ்வும்

ஷிரின் 1905ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்; பஹாய் சமயத்தைப் பின்பற்றியவர்கள். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. ஆனால், ஷிரினுடைய வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வி சமமாகவே கருதப்பட்டது. அதனால் அவர் நன்றாகப் படித்தார். மேடையேறித் துணிவோடு பேசவும் பழகினார். பதினேழு வயதிலேயே அனைவருக்கும் கல்வி வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்திப் பொதுமேடையில் உரையாற்றினார். பின்னர், மருத்துவரான கே. எம். ஃபோஸ்தாரை மணந்தார்.

1930களில் இந்தியாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் பெண்கள் ஒன்றுகூடித் தங்கள் உரிமைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தனர். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஷிரினும் அந்த விழிப்புணர்ச்சியின் ஓர் அங்கமாக விளங்கினார். அனைத்து ஆசியப் பெண்கள் மாநாட்டில் பொறுப்பு வகித்த அவர், அதன் சார்பில் 1934ஆம் ஆண்டு ஜெனீவா நகருக்குச் சென்றார். உலகப் பெண்கள் அனைவருக்கும் பொதுவான உரிமைப் பிரகடனம் ஒன்று வேண்டும் என்று நாடுகளின் கழகத்திடம் கோரிக்கை வைத்தார். 1941ஆம் ஆண்டு அகமதாபாத்தில் கலவரம் மூண்டபோது, அங்குச் சென்று அமைதியைப் பற்றிப் பேசும்படி காந்தியடிகள் அவரைக் கேட்டுக்கொண்டார்.

1950ஆம் ஆண்டு ஷிரினும் அவருடைய கணவரும் சிங்கப்பூருக்கு வந்து குடியேறினர். அப்போது ஷிரினுக்கு வயது 45. புதிய ஊர், புதிய மனிதர்கள், பல மொழிகள். எனினும், இங்குள்ள பெண்களும் குழந்தைகளும் படும் துன்பத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு நெடுநாள் ஆகவில்லை.

போருக்குப் பிந்திய சிங்கப்பூர்

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது சிங்கப்பூர் நலிந்து கிடந்தது. உணவுத் தட்டுப்பாடு, வேலையின்மை, நோய், இடநெருக்கடி எனப் பல சிக்கல்கள் சூழ்ந்திருந்தன. 1946ஆம் ஆண்டு சமூக நலத்துறை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு குழந்தைகளுக்கு உணவளிக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. தட்டேந்தி வரிசையில் நின்ற பிள்ளைகள் பலருக்கு, அன்று கிடைத்த முழுமையான உணவு அது ஒன்றுதான்.

மக்கள்தொகையும் விரைந்து பெருகியது. 1947இல் சுமார் 9 லட்சத்து 38 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1957இல் சுமார் 14 லட்சத்து 46 ஆயிரமாக உயர்ந்தது. தேக்காவுக்கு அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பிரசவப் பிரிவு ஓய்வின்றி இயங்கியது. கடைவீடுகளின் சிறு அறைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அத்தகைய வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் விலகிச் சென்றுவிட்டால், தாயும் பிள்ளைகளும் அன்றே அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேட வேண்டியிருந்தது.

அப்படி விலகிச் செல்வது அந்நாளில் கடினமானதாக இல்லை. திருமணங்கள் அவரவர் சமய, சமூக வழக்கப்படி நடந்தன. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கட்டுப்பாடு எல்லாத் திருமணங்களுக்கும் பொருந்தவில்லை. சீனர்களில் வசதி படைத்த சிலர் பல பெண்களை மணந்து வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வந்தர் ஒருவர் இறந்தபோது, ஆறு பெண்கள் தங்களை அவருடைய மனைவியர் என்று கூறிச் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் சென்றனர். அந்த வழக்கு அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

இந்தியர்களின் நிலை வேறு வகையானது. பிழைப்பைத் தேடிக் கப்பலேறிய ஆடவர் பலர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தனர். அவர்களுள் சிலர் இங்கே மற்றொரு குடும்பத்தையும் அமைத்துக்கொண்டனர். பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டித் திருமணம் முடிப்பார்கள். அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. பின்னாளில் கணவர் கைவிட்டால், தனக்குத் திருமணம் நடந்தது என்று மெய்ப்பிப்பதே அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாடு. பராமரிப்புத் தொகை கேட்கச் சட்டத்தில் ஓரளவு வழி இருந்தது உண்மைதான். ஆனால், கையில் சான்றிதழ் இல்லாமல், எழுதப் படிக்கவும் தெரியாமல், இடுப்பில் ஒரு குழந்தையோடு நீதிமன்றப் படியேற எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

முஸ்லிம் சமூகத்திலும் கவலை இருந்தது. இஸ்லாம் கணவன்மீது பல கடமைகளைச் சுமத்துகிறது. ஆனால், அவற்றை நிறைவேற்றாதவரைத் தட்டிக்கேட்கத் தனி நீதிமன்றம் ஏதும் அப்போது இல்லை. மணவிலக்குகள் மிகுதியாக நடந்தன. இளம் வயதிலேயே மணவிலக்கு பெற்ற பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீடு திரும்ப நேர்ந்தது. சே ஸஹாரா நூர் முகமது என்பவர் 1947ஆம் ஆண்டு மலாய் மாதர் நலச் சங்கத்தைத் தொடங்கியதோடு, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தம் வீட்டிலேயே அடைக்கலம் தந்தார். அவரைப் போன்றவர்கள் அரும்பணி ஆற்றினர். ஆனாலும், உதவி தேடி வந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வீட்டின் கூரை எப்படிப் போதும்?

மாதர் மன்றம் பிறந்தது

சிங்கப்பூரில் அப்போதும் பல மாதர் சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் இனத்தாருக்கோ சமயத்தாருக்கோ தொண்டு செய்துவந்தது. அவற்றைச் சேர்ந்த பெண்களை ஷிரின் தேடிச் சென்று சந்தித்தார். தனித்தனியாக உதவி செய்வதைவிட ஒன்றுசேர்ந்து சட்டத்தை மாற்றும்படி கேட்பதே நிலையான பயன் தரும் என்று எடுத்துரைத்தார். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

1951ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கான கூட்டம் நடந்தது. 1952ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாதர் மன்றம் முறையாகத் தொடங்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் எனப் பல இனப் பெண்கள் அதில் சேர்ந்தனர். போர்க்காலத்தில் சித்திரவதைகளைத் தாங்கிய வீராங்கனை எலிசபெத் சோய், சமூகத் தொண்டர் செச்சா டேவிஸ், சே ஸஹாரா ஆகியோரும் இந்த முயற்சிக்குத் துணை நின்றனர். திருமதி ஜார்ஜ் லீ தலைவரானார். ஷிரின் கௌரவச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

செயலாளர் பணி என்பது பெரும்பாலும் கடிதம் எழுதும் பணிதான். ஷிரின் ஓயாமல் எழுதினார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அரசாங்க அதிகாரிகளுக்கும் சமயத் தலைவர்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் அவருடைய கடிதங்கள் சென்றுகொண்டே இருந்தன. பலதார மணத்தைத் தடுக்கும் சட்ட முன்வரைவு ஒன்றையும் மாதர் மன்றம் தயாரித்தது. அதே வேளையில் ஜூ சியாட் வட்டாரத்தில் பெண்பிள்ளைகளுக்கான மன்றம் ஒன்றையும் நடத்தியது. படிப்பும் கைத்தொழிலும் கற்ற பெண், நாளை தன் குழந்தைகளைத் தானே காக்க வல்லவள் ஆவாள் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

எதிர்ப்பைத் தாங்கிய உறுதி

இந்த முயற்சியை எல்லாரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. மக்களின் சமயத்திலும் வழக்கத்திலும் தலையிட ஆங்கிலேய அரசாங்கம் தயங்கியது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் நம் வீட்டு விவகாரத்தில் ஏன் தலையிடுகிறார் என்று சிலர் கேட்டனர். ஷிரினுடைய பேச்சில் சில வேளைகளில் காரம் மிகுந்திருந்தது. அது சிலரைப் புண்படுத்தியதும் உண்டு. செய்தித்தாள்களில் அவரைக் கண்டித்து மறுப்புக் கடிதங்கள் வெளிவந்தன.

பலதார மணத்தைச் சட்டத்தால் தடை செய்தால், ஏற்கனவே இரண்டாம், மூன்றாம் மனைவியாக வாழ்பவர்களின் நிலை என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தப் பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் எந்தத் தவறும் செய்யாதவர்கள் அல்லவா? பிற்காலத்தில் சட்டம் இயற்றப்பட்டபோது, ஏற்கனவே நடந்த திருமணங்கள் செல்லாதவை ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. இனி வரும் திருமணங்களுக்கே புதிய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

எதிர்ப்பைக் கண்டு ஷிரின் ஒதுங்கவில்லை. கூட்டங்களுக்குச் சென்றார், கேள்விகளுக்கு விடையளித்தார், மீண்டும் எழுதினார். ஏழெட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

ஷரியா நீதிமன்றம்

முதல் மாற்றம் முஸ்லிம்களுக்கான சட்டத்தில் வந்தது. 1957ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1958ஆம் ஆண்டு ஷரியா நீதிமன்றம் அமைந்தது. மாதர் மன்றத்தின் குரலோடு, முஸ்லிம் தலைவர்களும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் எடுத்த முயற்சிகளும் இதற்குக் காரணமாயின.

கணவன், மனைவி இருவரும் உடன்படாத மணவிலக்கு இனி நீதிமன்றத்தின் முன் வர வேண்டும். இருவரையும் அழைத்துப் பேசி, மனத்தாங்கலைத் தீர்த்துச் சேர்த்துவைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். முடியாவிட்டால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதைக் கொடுக்கும்படி ஆணையிடுவார்கள். கதிஜுன் நிசா சிராஜ் என்பவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் சமூகப்பணியாளராகச் சேர்ந்தார். 1952ஆம் ஆண்டு சிங்கப்பூர் முஸ்லிம் இளம்பெண்கள் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். மனம் உடைந்து வந்த தம்பதியரிடம் அவர் பொறுமையாகப் பேசினார். அடுத்து வந்த ஆண்டுகளில் மணவிலக்குகள் கணிசமாகக் குறைந்தன. கோபத்தில் எடுத்த முடிவுக்கும் பிரிவுக்கும் இடையே ஒரு நீதிமன்றமும் ஓர் ஆலோசகரும் நின்றதால், பல பிள்ளைகள் தாய் தந்தை இருவரோடும் வளரும் வாய்ப்பைப் பெற்றனர்.

நீதிமன்றம் அமைந்த அதே 1958ஆம் ஆண்டில் ஷிரினின் கணவர் மறைந்தார். அந்தத் துயரத்திலும் அவர் தம் பொதுப்பணியைக் கைவிடவில்லை.

மாதர் சாசனம்

1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பெண்கள் பெருந்திரளாக வாக்குச்சாவடிக்கு வந்தனர். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கொள்கையை மக்கள் செயல் கட்சி தன் தேர்தல் வாக்குறுதிகளுள் ஒன்றாக முன்வைத்தது. அக்கட்சியின் மகளிர் பிரிவைச் சேர்ந்த சான் சோய் சியோங் இதற்காக உறுதியாகப் பாடுபட்டார். தேர்தலில் அவரோடு சேர்த்து ஐந்து பெண்கள் சட்டமன்ற உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சட்டமன்றத்திற்கு வெளியே ஷிரினும் அவருடைய தோழியரும் பல ஆண்டுகளாக எழுப்பிய குரல், இப்போது உள்ளேயும் ஒலித்தது.

மாதர் சாசனம் 1961ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் தொடர்ந்தது. மற்ற எல்லாருக்கும் இனி ஒரு நேரத்தில் ஒரு திருமணமே செல்லும். திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்தின் மூலமே மணவிலக்கு பெற முடியும். திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், தொழில் செய்யலாம். கணவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் பராமரிக்கத் தவறினால் நீதிமன்றம் அவருக்கு ஆணையிடலாம். முறைப்படி திருமணம் செய்யாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கும் பராமரிப்புப் பெறும் உரிமை உண்டு.

பெயரில் மாதர் என்ற சொல் இருந்தாலும், இந்தச் சட்டம் குழந்தைகளுக்கும் உரியது. தாய்க்குத் தன் திருமணத்தை மெய்ப்பிக்கச் சான்றிதழ் இருந்தால், குழந்தைக்குத் தந்தை யார் என்பதில் ஐயம் இல்லை. வருமானம் தவறாமல் கிடைத்தால், குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வேலை தேடி அலைய வேண்டிய நிலை தாய்க்கு வராது. கணவனும் மனைவியும் பிரிந்தே ஆக வேண்டிய சூழ்நிலையும் சில குடும்பங்களில் ஏற்படும். அப்போதும், தந்தை என்னும் பொறுப்பு மணவிலக்கோடு முடிந்துவிடுவதில்லை என்பதைச் சட்டம் தெளிவாக்கியது.

எல்லை கடந்த பணி

தாம் பாடுபட்ட சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் ஷிரின் தாய்லாந்துக்குச் சென்றார். புகழைக் கேட்டு மகிழ்ந்தபடி ஓய்வெடுக்க அவர் விரும்பவில்லை. அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள யாசோதோன் என்னும் ஊரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். வறுமையின் காரணமாகக் கிராமத்துச் சிறுமிகள் வீட்டைவிட்டுச் சென்று தீய வழிகளில் சிக்கிக்கொள்ளும் கொடுமையை அவர் கண்டார். கல்வியும் தொழிலும் கைவரப்பெற்றால் அவர்கள் தம் ஊரிலேயே மதிப்போடு வாழ முடியும் என்று எண்ணினார். அங்கே 14 ஆண்டுகள் உழைத்தபின், 1975ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குத் திரும்பினார். அதற்குள் மாதர் மன்றம் கலைக்கப்பட்டிருந்தது. ஆயினும், அது பெற்றுத்தந்த உரிமைகள் நிலைத்திருந்தன.

1992ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமது 86ஆம் வயதில் ஷிரின் ஃபோஸ்தார் சிங்கப்பூரில் காலமானார். 2014ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பெண்கள் புகழரங்கத்தில் அவருடைய பெயர் இடம்பெற்றது.

இன்றைய குடும்பங்களும் நாமும்

இன்று லிட்டில் இந்தியாவின் கோயில்களில் நாதசுர இசையோடு திருமணங்கள் நடக்கின்றன. மணமக்கள் திருமணப் பதிவகத்தில் பதிவு செய்வது எல்லாருக்கும் பழகிப்போன செயலாகிவிட்டது. அந்த ஒரு கையெழுத்துக்காக ஒரு தலைமுறைப் பெண்கள் பத்தாண்டு போராடினார்கள் என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

சட்டம் காலத்திற்கேற்ப மாறியும் வந்திருக்கிறது. 1996ஆம் ஆண்டு மாதர் சாசனம் திருத்தப்பட்டபோது, குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தரும் விதிகள் வலுப்பெற்றன. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் அடியையும் துன்பத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அது உணர்த்தியது. பெற்றோரிடம் பாதுகாப்பாக வாழ முடியாத குழந்தைகளுக்கு, வேறொரு குடும்பத்தின் அன்பு கிடைக்கச் செய்யும் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டமும் 1956ஆம் ஆண்டிலிருந்தே இங்கு உள்ளது.

சட்டத்தால் மட்டும் ஒரு வீட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது. பணநெருக்கடி, நோய், மனக்கசப்பு போன்றவை பெரிதாகும் முன்பே உதவ, தீவு முழுவதும் குடும்ப சேவை நிலையங்கள் இயங்குகின்றன. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் சிண்டா அமைப்பும் அத்தகைய சேவையை வழங்குகிறது. அங்குச் செல்லும் தாயிடம் பிள்ளையைப் பிரித்து எங்கே அனுப்பலாம் என்று முதலில் கேட்பதில்லை. பிள்ளையை அவளே நன்றாக வளர்க்க என்ன உதவி தேவை என்றுதான் கேட்கிறார்கள்.

வேற்று நாட்டிலிருந்து 45 வயதில் இங்கு வந்த ஒருவர், தம்மைச் சுற்றியிருந்த தாய்மார்களின் கண்ணீரைத் தம் கவலையாக ஏற்றுக்கொண்டார். அவரிடம் பதவி இல்லை, அதிகாரம் இல்லை. பேச்சும் எழுத்தும் பிறரை ஒன்றுசேர்க்கும் திறனும் இருந்தன. நம் வகுப்பிலோ அண்டை வீட்டிலோ ஒரு குடும்பம் தடுமாறும்போது, விலகிச் செல்லாமல் நின்று விசாரிக்கவும், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லவும் நம்மாலும் முடியும். ஷிரின் ஃபோஸ்தாரின் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடம் அதுவே.